குளக்கட்டுக்கு மொட்டை

மூன்று கிழமைக்கு முன் இதே இடத்தில் மழையைத் திட்டி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

ஐப்பசி முடியப் போகிறது, ஒரு சொட்டு இல்லை, இந்த மழைக்குக் காலம் நேரம் தெரியாதா, நாலு மாதம் பரவிப் பெய்ய வேண்டியதை எங்கே கொண்டுபோய்ப் பதுக்கி வைத்திருக்கிறது — வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருந்தேன். அச்சில் வந்ததும் நானே இரண்டு தரம் வாசித்து, 'நல்லாத்தான் குடுத்திருக்கிறாய்' என்று என்னை மெச்சிக்கொண்டேன்.

மழை அந்தப் பத்தியைப் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? விழுந்தது! பதுக்கி வைத்ததையெல்லாம் இரண்டு மணித்தியாலத்தில் கொட்டிவிட்டு, 'போதுமா?' என்று கேட்காத குறையாக வெயிலையும் எறிக்க விட்டுப் போனது.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் யோகம் என்கிறவளின் இரண்டு ஏக்கர் வெள்ளாமை மண்ணுக்குள் போய்விட்டது. மழைதான் காரணம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை… ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, மண்வெட்டியோடு நின்ற ஆட்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் போன கிழமை இந்தப் பத்தியில் கத்தரிக்காய்ப் பொரியல் பற்றி எழுதி மழுப்பினேன். இந்தக் கிழமை மழுப்ப முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆரையம்பதிக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், சீதனமாக வந்த மூன்று ஏக்கர் எனக்கு இருக்கிறது. ஒரு சின்னக் குளம், அதற்கு ஒரு மண் கட்டு, கட்டுக்குக் கீழே எங்கள் வட்டை. வயல்வெளியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, காலையில் பாலம் கடந்து போய், என் வயலைச் செய்கிறவனுக்கு நாலு புத்தி சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். அவன் ஒன்றையும் கேட்பதில்லை. அதனால்தான் என் வயல் விளைகிறது என்று என் கணவர் சொல்லுவார்.

யோகத்தின் வயல் குளக்கட்டின் காலடியில், முதலாவது. புருஷன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். இரண்டு ஏக்கரையும் இரண்டு பசுவையும் இவள் தனியாளாகப் பார்க்கிறாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அதிகம் பேச மாட்டாள். பேசினால், கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

இந்தமுறை அவள் புழுதி விதைப்பு. அதாவது, ஈரமில்லாத மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. விதைக்கிற திகதியை நாங்கள் கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்போம். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அதிகாரிமாரும் வயல்காரரும் சேர்ந்து ஏகமனதாகத் திகதி குறிப்போம். மழையை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் கூப்பிடாமலே அந்தக் கிழமை வந்துவிடும், வந்தால் நாட்கணக்கில் நின்று ஊறப் பெய்யும். இப்போது கூட்ட அறிக்கையை அது மதிப்பதே இல்லை. போன வருடம் விதைத்த அன்றிரவே கொட்டி விதைநெல்லை அள்ளிக்கொண்டு போனது. இந்த வருடம் திகதி கடந்தும் ஆளைக் காணோம்.

இடையில் ஒரு நாள், மழைக் கணக்கில் சேராத மெல்லிய தூறல். அதில் முளைத்த நெல், மற்ற வயல்களில் வெயிலுக்குக் கருகத் தொடங்கியது. யோகத்தின் வயலில் மட்டும் கட்டின் அடியால் கசிகிற ஈரம் இருந்தது. நாலு விரல் உயரத்துக்குப் பச்சை பிடித்துவிட்டது.

"இந்தமுறை ஆண்டவன் என்ட பக்கம் பாத்திரிக்கான் டீச்சர்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் என் பத்தி வந்தது. அதை விதானையார் வாசித்தார்.

வட்டை விதானை என்றால் வயல்காரர் கூடித் தெரிவு செய்கிற தலைவர். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் போகும் என்பது அவர் கையில். எங்கள் விதானையார் சாமித்தம்பியண்ணன் தங்கமான மனிதர். ஒரேயொரு பலவீனம், கூட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு.

"டீச்சர், நீங்க எழுதினத விவசாய ஒபிசில காட்டினன். அங்கத்தப் பெரியவரே வாறாராம்! நம்மட குளக்கட்டில காலநிலை மாற்றம், மண்ணரிப்பு எண்டு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். மரக்கண்டும் நடுறம். நீங்கதான் சிறப்புப் பேச்சாளர்."

சிறப்புப் பேச்சாளர்! காது குளிர்ந்துவிட்டது. மரியாதைக்கு ஒரு தரம் வேண்டாம் என்றேன். இரண்டாம் தரம் அவர் கேட்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் உடனே ஓம் என்றும் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் சரி அண்ணன், கட்டெல்லாம் புல்லும் பத்தையும் பிடிச்சுக் கிடக்கே… வாறவங்க என்ன நினைப்பாங்க?"

இப்படிக் கேட்ட புண்ணியவதி யார் என்று தேட வேண்டாம். நான்தான். முப்பது வருடம் 'வகுப்பறையைக் கூட்டு' என்று சொல்லிப் பழகிய வாய்.

விதானையார் தொடையில் தட்டினார். "ஒரு சிரமதானம் போட்டுருவம்!"

நம் ஊர்ச் சிரமதானத்தைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்? எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் ஒரு பொது வேலை செய்வது. கோயிலில் திருவிழாவா — சிரமதானம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டியா — சிரமதானம். அமைச்சர் வருகிறாரா — இரண்டு சிரமதானம். நோக்கம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: புல் செருக்குவது. மண்வெட்டியைச் சரித்துப் பிடித்து, வேரோடு வழித்து, வெறும் மண் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுவது. ஒரு புல் மிஞ்சினாலும் ஊருக்கு அவமானம். துப்புரவு என்றால் நமக்கு மொட்டை. வீட்டு முற்றத்துக்கு அது சரி, பாம்பு வந்தால் தெரியும். குளக்கட்டுக்கும் அது சரியா?

அந்தச் சனிக்கிழமை இந்தக் கேள்வியைக் கேட்டவள் யோகம் மட்டும்தான்.

ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தோம். மதியச் சோற்றுப் பார்சல் உண்டு என்று விதானையார் முன்கூட்டியே அறிவித்திருந்தார். மண்வெட்டிகள் இறங்கத் தொடங்கியதும் யோகம் குளக்கட்டில் ஏறி வந்தாள்.

"அண்ணன், இந்த இலுக்குப் புல்லுல கை வைக்காதீங்க. இதுதான் கட்டப் பிடிச்சுக்கு இரிக்கு."

"புள்ள, பெரியவர் வாறார். காடு மாதிரிக் கிடந்தா நமக்கு மரியாதையா?"

"அவரு மேயவா வாறார்?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். விதானையாரின் முகம் கறுத்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

எனக்கு அவள் சொல்வது விளங்காமல் இல்லை. மறுநாளைக்கு மறுநாள் நான் பேச எழுதி வைத்திருந்ததே அதுதானே! ஆனால் கையில் மண்வெட்டி இருந்தது, எதிரே போனில் படம் எடுக்க ஒருவர் நின்றார்.

"புல்லுத்தானே யோகம்" என்றேன். "மறுகா முளைக்கும்."

அவள் இறங்கிப் போய் இரண்டு பசுக்களையும் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். தன் வயலின் ஒரு மூலைக்கு நேரே, கட்டின் சரிவில், இரண்டு முளை அடித்து இரண்டையும் கட்டினாள். நடுவில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"இது என்ட மாடு மேயுற இடம்."

பெரியவர் வருகிற விழாவுக்கு ஒத்துழைக்காத ஆள் என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. இரண்டு மாட்டுக் கயிறு எட்டுகிற தூரம் மட்டும் புல்லோடு மிஞ்சியது. அந்தத் துண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கட்டை முழுக்கச் சுரண்டினோம். பெரியவரின் வாகனம் ஏற வேண்டும் என்று இரண்டு டிரக்டர் பெட்டி கிறவல் என்கிற சரளை மண்ணையும் கொட்டிப் பரவினோம். மிஞ்சிய புல் படத்தில் விழுந்தால் அசிங்கமாக இருக்குமே? அதற்கும் விதானையார் வழி கண்டார். கூட்டத்தின் பனரைக் கொண்டுவந்து சரியாக அந்தப் புல்லை மறைத்துக் கட்டினார். 'மண்ணரிப்பைத் தடுப்போம்' என்று பச்சை எழுத்தில் எழுதிய பனர்.

திங்கட்கிழமை கூட்டம். பெரியவர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். நான் நாற்பது நிமிடம் பேசினேன்.

நன்றாகத்தான் பேசினேன், பொய் சொல்லக் கூடாது. மழை குறைந்துவிடவில்லை, பெய்கிற விதம்தான் மாறிவிட்டது; மாதக்கணக்கில் காய்ந்து வெடித்த நிலத்தில் ஒரேயடியாக அடித்து விழுகிறது; நிலம் குடிக்க நேரமில்லாமல் மேல்மண்ணைக் கழுவி வாய்க்காலுக்குக் கொண்டு போகிறது; வாய்க்கால் குளத்துக்கும் வாவிக்கும் கொண்டு போகிறது; ஒரு விரற்கடை மேல்மண் உண்டாக எத்தனை தலைமுறை வேண்டும் தெரியுமா… "அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது எது? வேர்!" என்று கையை உயர்த்தினேன். கைதட்டல். உயர்த்திய வேகத்தில் காலடியில் கிறவல் சறுக்கியது. புதுச் செருப்பின் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி நேரம். யோகம் எழும்பினாள்.

"வேர்தான் மண்ணப் பிடிக்கும் எண்டா, சனிக்கிழமை நாம சுரண்டி எறிஞ்சது என்ன டீச்சர்?"

 நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன். பெரியவர்தான் மைக்கை வாங்கிக் காப்பாற்றினார்.

"நல்ல கேள்வி" என்றார். "அடுத்ததாக நன்றியுரை."

பிறகு மரக்கன்று நட்டோம். கறுப்புப் பையைக் கழற்றாமலே நட்டவர்களும் உண்டு. பையோடு நட்டால் படத்துக்கு நேராக நிற்கிறதாம்! கட்டின் நடுவில், இரண்டு இரும்புக் காலில், அதே வாசகம் எழுதிய ஒரு பலகையையும் நிறுத்தினோம். பார்சல் சோறு ருசியாக இருந்தது.

மறுநாள் பின்னேரம் மழை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். போனில் காலநிலை பார்த்து 'இன்றைக்கு மழை இல்லை' என்று காலையில் அறிவித்த என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படலையடியில் நின்று நனைந்தேன். அரை மணித்தியாலம் கழித்துச் சிரிப்பு நின்றது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. யோகத்துக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை பாலத்தில் ஏறியபோது வாவி பால் கூடின தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. தெரிந்த மீன்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டு நின்றார்.

"மீன் பட்டுதா?" என்று கேட்டேன்.

"மண்தான் படுது டீச்சர். படுவான்கரை முழுக்க இஞ்சதான் வந்திரிக்கு. கறிக்கு ஒரு சட்டி தரட்டா?"

சிரிக்க முடியவில்லை. ஓட்டோக்காரரைக் கெதியாகப் போகச் சொன்னேன்.

ஓட்டோவை விட்டு இறங்கிக் குளக்கட்டைப் பார்த்தேன். கட்டின் முதுகிலிருந்து அடிவரை ஆள் இறங்கி நிற்கக்கூடிய அளவுக்குப் பள்ளமும் கிடங்கும். கிறவல் முழுக்கக் கீழே. சுரண்டிய சரிவு மண் முழுக்கக் கீழே. மரக்கன்றுகள் பையோடு மிதந்து வாய்க்கால் மூலையில் ஒதுங்கியிருந்தன. கீழே என்றால் எங்கே? யோகத்தின் வயலில். நாலு விரல் பச்சைக்கு மேலே, கட்டடியில் முழங்கால் அளவு, தள்ளிப் போகப் போகக் கணுக்கால் அளவு மண்.

யோகம் அந்த மண்ணுக்குள் குந்தியிருந்து கையால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை விரித்துக் காட்டினாள். மஞ்சளித்துப்போன இரண்டு மூன்று நாற்று.

"நெல்லும் ஒரு புல்லுத்தானே டீச்சர்" என்றாள். "மறுகா முளைக்குமா?"

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, அதுதான் இன்னும் மோசம். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாடு கட்டிய துண்டு மட்டும் சனிக்கிழமை இருந்தபடியே நின்றது. இலுக்குப் புல் தலை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு நேர் கீழே அவள் வயலில் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை தப்பியிருந்தது. பனரைக் காணவில்லை.

விதானையார் அங்கே நாலைந்து பேரோடு நின்றார். "பாத்தீங்களா டீச்சர்" என்றார், உண்மையான கவலையோடு. "நீங்க சொன்ன அதே காலநிலை மாற்றம்!"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஓம், ஓம், காலநிலை மாற்றம்தான். என் நாற்பது நிமிடப் பேச்சால் ஊருக்குக் கிடைத்த ஒரே பயன் இந்தச் சொல். முன்பு எது நடந்தாலும் தலைவிதி என்போம். கொஞ்சக் காலம் அரசாங்கத்தைச் சொன்னோம். இப்போது எல்லாக் குற்றத்தையும் தூக்கிப் போட ஒரு பெரிய சாக்கு கிடைத்துவிட்டது. மழை மாறிவிட்டது உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாறின மழைக்கு முன்னால் கட்டை மொட்டையடித்து, கிறவல் பூசி, 'வா ராசாத்தி' என்று ஆலாத்தி எடுத்து அழைத்தவர்கள் யார்?

நட்டஈட்டுப் படிவத்தை நிரப்ப வியாழக்கிழமை நான்தான் யோகத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். சேதத்துக்குக் காரணம்: வறட்சி, வெள்ளம், பூச்சி, யானை… ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கட்டம். யோகம் என்னைப் பார்த்தாள். நான் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"தம்பி, கட்டில புல்லச் செருக்கினதால எண்டு எழுதலாமா?" என்று அங்கிருந்தவரைக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு இதில இடமில்ல டீச்சர். வெள்ளத்துக்கு ஒரு புள்ளடி போடுங்க. இல்லாட்டி ஒண்டும் கிடைக்காது."

போட்டேன். மழைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பூச்சிக்கு இருக்கிறது, யானைக்கும் இருக்கிறது. நமக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை.

நட்டஈடு வருகிறபோது வரட்டும். அவசரம் வேறு இருந்தது. கட்டின் உடம்பு பாதி கரைந்துவிட்டது. இன்னொரு மழை அப்படி விழுந்தால் கட்டே உடைந்து, யோகம் மட்டுமல்ல, வட்டை முழுக்கப் போய்விடும். மூன்று மாதத்து நெல்லை உடனே விதைத்தால் யோகம் இந்தப் போகத்தைப் பிடித்துவிடலாம். அதற்கும் முதலில் கட்டு நிற்க வேண்டும். மண்ணை ஏற்றலாம், ஆனால் அதைப் பிடித்து வைக்க வேரோடு புல் எங்கே? சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. இரண்டு மாட்டுக் கயிறு எட்டுகிற இடத்தில்.

"நீங்க கேளுங்க டீச்சர்" என்று விதானையார் என்னைத் தள்ளிவிட்டார். கூட்டத்தில் மைக்குக்கு முந்துகிறவர், இதற்கு எனக்குப் பின்னால் நின்றார்.

கேட்டேன். யோகம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"தாறன். பாதிய விட்டிட்டுப் பாதிய எடுங்க. ஆனா மைக் வரப்படா. பெரியவர் வரப்படா." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பேசப்படா டீச்சர்."

"ஓம்" என்றேன். அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது சிரமதானம். சோற்றுப் பார்சல் இல்லாததால் ஆட்கள் பாதிதான். புல்லை வேர் மண்ணோடு கட்டி கட்டியாகப் பெயர்த்து, கூடையில் சுமந்து, சரிவில் பதித்தோம். வைக்கோல் பரவி, உருளாமல் தடி அடித்தோம். முதலில் செருக்கிய கைகளே இப்போது ஒவ்வொரு புல்லாக நட்டன. எனக்கு இடுப்பு விட்டுவிட்டது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. யோகத்தின் வயலில் அள்ளக்கூடிய மண்ணை அள்ளி, மிச்சத்தை உழுது கலந்தோம். என் வீட்டில் இருந்த விதைநெல்லைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

விதானையார் மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். சரிந்து கிடந்த அந்த இரும்புக்கால் பலகையைத் திரும்ப நிமிர்த்தி நட்டார். அதைச் சுற்றி யாரும் புல் வைக்கக் கூடாதாம். வளர்ந்தால் எழுத்தை மறைத்துவிடுமாம். நான் வாயைத் திறந்தேன், யோகத்துக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை அவள் விதைத்தாள்.

இந்த வியாழக்கிழமை பின்னேரம் திரும்பவும் கொட்டியது. ஒரு மணித்தியாலம். நான் படலைக்குப் போகவில்லை, சாமித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டதும் யோகத்துக்கு போன் அடித்தேன். மூன்றாவது தரம் எடுத்தாள்.

"யோகம், கட்டு?"

"கட்டு இரிக்கு டீச்சர்."

எனக்கு மூச்சு வந்தது.

"நெல்லு?"

"முளை மூக்கு வெச்சிரிக்கு. ஒண்டும் அள்ளிக்குப் போகல்ல." குரலில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. "விதானையார்ட போர்ட்தான் போயிட்டு."

"என்ன?"

"மண்ணரிப்பத் தடுப்பம் எண்ட போர்ட். அதச் சுத்தித்தானே புல்லு வைக்க விடல்ல. அந்த இடம் மட்டும் அரிச்சுப் போய், வாய்க்காலுக்குள்ள குப்புறக் கிடக்கு."

எங்கள் மழை பத்தி மட்டும்தான் படிக்கும் என்று நினைத்திருந்தேன்… பலகையும் படிக்கிறது!